1 ஹெர்ட்ஸில் மினுக்கம்: மின்தேக்கியைப் பெரிதாக்கிப் பயனில்லை

வணக்கம். ஓஎல்இடி திரையின் 7டி1சி (ஏழு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி) எல்டிபிஎஸ் (குறைவெப்பப் பாலிசிலிக்கான்) பிக்சலை மின்சாரம் மிச்சப்படுத்த 1 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு ஒருமுறை மட்டும் புதுப்பிக்கும்படி இறக்கியதும் மினுக்குகிறது, 50 ஃபெம்டோஃபாரட் மின்தேக்கியைப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கணக்கே ஒத்துவராது. ஓஎல்இடிக்கு மின்னோட்டம் தரும் டிரைவ் டிரான்சிஸ்டரின் கேட் முனையில், அதாவது மின்தேக்கி வோல்டேஜைப் பிடித்துவைக்கும் இடத்தில், 10 மில்லிவோல்ட் நகர்வு வரை பரவாயில்லை என்று வைத்தால், 60 ஹெர்ட்ஸில் 30 ஃபெம்டோஆம்பியர் கசிவைச் சமாளிக்கலாம். 1 ஹெர்ட்ஸில் வெறும் 0.5. மின்தேக்கியை 60 மடங்காக்கப் பிக்சலில் ஏது இடம்?

கேட் முனையைத் தொடும் இரண்டு ஸ்விட்சுகள்தான் கசிகின்றன: டிரைவ் டிரான்சிஸ்டரின் வரம்பு வோல்டேஜ் வேறுபாட்டை ஈடுசெய்யும் டிரான்சிஸ்டர், கேட்டை ரீசெட் செய்யும் டிரான்சிஸ்டர். இவற்றை மட்டும் கசிவு மிகக் குறைந்த ஆக்சைடு குறைக்கடத்தியான ஐஜிஸெட்ஓ ஆக்குங்கள். டிரைவ் டிரான்சிஸ்டர் எல்டிபிஎஸ்ஸாகவே இருக்கட்டும். மின்தேக்கியை அதன் கேட் உலோகத்துக்கு மேலேயே அடுக்கினால் தனி இடம் தேவையில்லை.

மாற்றியதும் ஒன்று இடிக்கும். ஐஜிஸெட்ஓ என்-வகை, அது அணையும்போது அதை இயக்கும் ஸ்கேன் கோட்டின் வோல்டேஜ் கீழே விழும், கேட் முனையையும் கூடவே இழுக்கும். டிரைவ் டிரான்சிஸ்டர் பி-வகை, கேட் தாழ்ந்தால் மின்னோட்டம் கூடும் என்பதால் கருப்பு, சாம்பலாகத் தெரியும். டேட்டா வோல்டேஜை அதற்கேற்ப ஏற்றுங்கள். துருவம் எதிரானதால் ஸ்கேன் டிரைவரும் கூடுதலாக வேண்டும். திரையோரம் சற்றே தடிக்கும்.

பிறகும் மினுக்கினால் கசிவைத் தேடாமல் ஓஎல்இடியின் ஆனோடை (நேர்மின்முனை) பாருங்கள். டேட்டா எழுதும் ஃபிரேமில் மட்டும் ரீசெட் ஆனால் ஒளி அப்போது மட்டும் தாழும். எழுதாத ஃபிரேம்களிலும் ரீசெட் செய்தால் கண் அதைப் பிடிக்காது.