பாட்டி இறக்கும் அத்தியாயம்

கேள்வி: நான் எழுதிவரும் நாவலில், புளி தட்டும் கூலி வேலை செய்து பேரனை ஆளாக்கிய ஒரு பாட்டி இறந்துபோகிறார். அந்த அத்தியாயத்தை எழுதும்போதெல்லாம் அழுதுவிடுகிறேன். படித்துப் பார்த்த என் அக்காவோ, "கதையில் எல்லாரும் அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை" என்கிறார். ஐந்து முறை திருத்தியும் சரியாகவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் அக்கா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்தப் பாட்டியை நன்றாகத் தெரியும், அதனால் அழுகிறீர்கள். அக்காவுக்கு அவர் இன்னும் அறிமுகமே ஆகவில்லை. எனவே நீங்கள் திருத்த வேண்டியது பெரும்பாலும் இறப்புக்கு முந்தைய பக்கங்களைத்தான்.

இதற்கு உங்கள் மாவட்டத்திலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாடலை நிதானமாகப் படியுங்கள். கள் சிறிதளவே கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான், நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்று அவனோடு பழகிய நாட்களைத்தான் ஔவையார் முதலில் சொல்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் 'மன்னே' என்ற சொல், அதெல்லாம் போயிற்றே என்ற கழிவிரக்கத்தைத் தருகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் அதற்குப் பிறகுதான் வருகிறது; அதுவும் பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கையிலும் ஊடுருவி, புலவர் நாவில் போய் வீழ்ந்ததாக வருகிறது. அவன் சாய்ந்த காட்சியை அவர் விவரிக்கவே இல்லை. அந்தக் கை தலையைத் தடவியதை நாம் முன்பே பார்த்துவிட்டதால், வேல் நம்மையும் தைக்கிறது.

என் அம்மா இறந்த அன்று நான் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, சமையலறையில் களி கிண்டும் துடுப்பை எடுத்தபோது, அவர் பிடித்துப் பிடித்து ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்த அதன் காம்பில் என் விரல்கள் தாமாகப் போய் அமர்ந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் பாட்டியிடமும் அப்படி ஒன்று இருக்கும். கொட்டையை எடுத்தெடுத்துக் கறுத்துப்போன விரல் நுனிகள், புளி தட்டும் கட்டை, கூலியை முடிந்துவைக்கும் முந்தானை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, முன் அத்தியாயங்களில் இரண்டு மூன்று இடங்களில், துயரம் சற்றும் கலக்காமல் அன்றாட வேலையாகவே காட்டிவையுங்கள்.

பிறகு இறப்பு அத்தியாயத்துக்கு வாருங்கள். 'கதறினான்', 'நெஞ்சு வெடித்தது' போன்றவற்றை அடித்துவிடலாம். ஒப்பாரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். போனவர் என்னென்ன செய்தார் என்று பேர் சொல்லிச் சொல்லி அழுவது அது, ஔவையார் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஐந்தாம் திருத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதல் பிரதியை வாய்விட்டுப் படியுங்கள். நடை தடுமாறினாலும் உங்கள் குரல் இறங்கும் வாக்கியம் ஏதாவது ஒன்று அதில் இருக்கும், அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரன் எப்போது அழ வேண்டும் என்று கேட்டால், சுடுகாட்டில் வேண்டாம் என்பேன். மறுநாள் காலையில் புளி வியாபாரி வழக்கம்போல் மூட்டையைத் திண்ணையில் இறக்கிவிட்டு, "ஆயா இல்லையா தம்பி?" என்று கேட்கட்டும்.