குரங்குக் காய்ச்சலுக்கு மாத்திரை ஏன் இல்லை?

கேள்வி: எங்கள் ஊர் வயநாட்டை ஒட்டியது. அப்பக்கம் குரங்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே விறகுக்குக் காட்டோரம் போக அஞ்சுகிறோம். கொரோனாவுக்கு ரெம்டெசிவிர் வந்தது போல் இதற்கும் ஒரு மருந்து ஏன் வரவில்லை?
– ஒரு வாசகி, சேரம்பாடி

பதில்: 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய், உண்ணிக் கடியால் பரவும் வைரஸ் இரத்தக்கசிவுக் காய்ச்சல்களுள் ஒன்று. நோயுற்றோரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கின்றனர்.

நீங்கள் குறிப்பிடும் ரெம்டெசிவிர், கொரோனாவுக்கு முன்பே எபோலா என்ற மற்றொரு வைரஸ் இரத்தக்கசிவுக் காய்ச்சலுக்காகச் சோதிக்கப்பட்ட செயற்கைச் சேர்மம். வைரஸ் தன் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் படியெடுக்கும்போது, மாலை கட்டுபவர் கையில் காம்பில்லாத பூவைத் திணித்தது போல, இச்சேர்மம் இழையில் புகுந்து மேற்கொண்டு தொடுக்க விடாமல் தடுக்கிறது. குரங்குகளை எபோலாவிலிருந்து காத்த அதே மருந்து, 2018–19இல் காங்கோவில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது ஏமாற்றமே அளித்தது: அதைப் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர் இறந்தனர், வைரஸைப் பற்றி முடக்கும் இரு எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகளைப் பெற்ற பிரிவுகளில் இறப்பு 35 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஆய்வகக் குடுவையிலும் விலங்கிலும் வென்ற சேர்மத்தைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மற்றொரு தடை, காலம். 1970களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, ஆப்பிரிக்காவின் லாசா காய்ச்சல் என்ற இன்னொரு வைரஸ் இரத்தக்கசிவுக் காய்ச்சலுக்குச் சியரா லியோனில் கொடுக்கப்பட்டது. 1986இல் வெளியான அந்த ஆய்வின்படி, கல்லீரல் பாதிப்பு மிகுந்து, ஊசிவழி மருந்தை முதல் ஆறு நாட்களுக்குள் பெற்றவர்களில் இறப்பு 5 விழுக்காடு. அதன்பின் பெற்றவர்களில் 26 விழுக்காடு. ஆய்வு நடந்த முறை பற்றிப் பின்னர் ஐயங்கள் எழுந்தாலும், தாமதம் கெடுக்கும் என்ற பாடத்தைப் பலரும் ஏற்கின்றனர். அம்மருந்து இரத்தச் சோகையையும் உண்டாக்கும் என்பதால், சந்தேகத்தின் பேரில் எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது.

குரங்குக் காய்ச்சலிலோ முதல் சில நாட்கள் வெறும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி மட்டுமே; டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று மருத்துவரே தயங்குவார். போதாததற்கு, நோய் ஆண்டுதோறும் டிசம்பர் முதல் மே வரை, சிற்சில காட்டோர ஊர்களில் சிதறித் தோன்றுவதால், மருந்தை ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய நோயாளிகளை ஓரிடத்தில் சேர்ப்பது கடினம். ஏழைத் தோட்டத் தொழிலாளரையும் பழங்குடியினரையும் தாக்கும் நோயில் மருந்து நிறுவனங்களுக்கு ஆதாயமும் குறைவு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இப்போதைக்குச் சிகிச்சை என்பது நீர்ச்சத்தைக் காப்பதும், இரத்தத் தட்டணுக்களைக் கண்காணித்து இரத்தக்கசிவைச் சமாளிப்பதுமே. காட்டுப் பக்கம் போய்வந்த ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், போய்வந்த விவரத்தையும், உண்ணி கடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வலிக்கென்று ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். அவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.