வரைபடத்தில் கல்வெர்ட் எப்போதும் சுத்தம்தான்: ஓடை வெள்ளம் பற்றிய கேள்வி-பதில்

கே: மூன்று வருடத்துக்கு முன்பே எங்கள் ஓடையில் நூறாண்டு வெள்ளம் வந்துவிட்டது. இனி எங்கள் தலைமுறைக்குக் கவலையில்லைதானே?

ப: அந்தப் பெயரே வம்பு. எந்த வருடத்திலும் 100-க்கு 1 வாய்ப்பு என்பதுதான் பொருள். போன முறை எப்போது வந்தது என்று மழை கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 30 வருடத்தில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு கால்வாசிக்குச் சற்று அதிகம்.

கே: 30 மீட்டர் சதுரக் கட்டத்துக்கு ஓர் உயரம் என்று இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து, 8 மீட்டர் அகல ஓடைக்கு வெள்ள வரைபடம் போடலாமா?

ப: நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையைத் தோராயமாகப் போடலாம். அதோடு நிறுத்துங்கள். ஒரு கட்டத்துக்குள் ஓடை, இரு கரை, பக்கத்து வீட்டுக் கூரை எல்லாமே அடங்கிவிடும். உயரப் பிழையே சில மீட்டர் இருக்கும்போது, அரை மீட்டர் ஆழத்துக்கு நீல வண்ணம் பூசி என்ன பயன்? 30, 40 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, நீரோட்டத்துக்குச் செங்குத்தாக, லெவல் கருவியால் எடுங்கள். கரையோடு முடிக்காமல் வெள்ளம் எட்டாத மேடு வரை நீட்டுங்கள். எந்த உயர அடிப்படை, அதாவது உயரத்தை எந்தப் பூஜ்ய மட்டத்திலிருந்து அளந்தீர்கள் என்பதைத் தாளிலேயே எழுதிவையுங்கள்.

கே: ஒரு நாள் மழை 240 மி.மீ. அதை 24-ஆல் வகுத்து மணிக்கு 10 மி.மீ. என்று போட்டேன். 2 சதுர கி.மீ. பகுதிக்கு நொடிக்கு 4.4 கன மீட்டர்தான் வருகிறது. ஓடை தாங்கும் அல்லவா?

ப: மழை அப்படிப் பங்கு போட்டுப் பெய்யாது. அந்த அளவுப் பகுதியின் தண்ணீர் முக்கால் மணியில் திரண்டு வந்துவிடும். அந்த முக்கால் மணியின் உச்சத் தீவிரம்தான் வேண்டும். மணிக்கு 60 மி.மீ., வழிந்தோடல் கெழு (பெய்த மழையில் நிலத்தில் வழிந்து ஓடும் பங்கு) 0.8 என்றால் நொடிக்கு 27 கன மீட்டர். ஆறு மடங்கு பிழை!

கே: மென்பொருள் கணக்கில் கல்வெர்ட் (சாலைக்கு அடியில் ஓடை போகும் சிறு பாலம்) வழியாக வெள்ளம் தாராளமாகப் போகிறது. ஆனால் நேரில் ஒவ்வொரு மழைக்கும் அங்கேதான் தண்ணீர் ஏறுகிறது. ஏன்?

ப: கட்டியபோது போட்ட வரைபடத்தின் அளவைக் கொடுத்திருப்பீர்கள். எத்தனை முறை சொன்னாலும் இதையே செய்கிறார்கள். 2 மீட்டர் சதுரப் பெட்டிக் கல்வெர்ட்டில் அரை மீட்டர் மண் படிந்தால் பரப்பில் கால்பங்குதான் குறைகிறது, ஆனால் நீர் கடத்தும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். குறுக்கே யாராவது ஒரு குடிநீர்க் குழாய் போட்டிருந்தால் அதில் மரக்கிளை சிக்கும், கிளையில் பிளாஸ்டிக் பை சிக்கும், பிறகு அது மதில்தான். ஆகவே உள்ளே இறங்கி, படிந்த மண்ணின் மேலிருந்து கூரை வரை அளந்து பாருங்கள். கணக்கை மூன்று முறை ஓட்டுங்கள்: திறந்த நிலை, பாதி அடைப்பு, முழு அடைப்பு. ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு அபாய வரைபடம் என்று பெயர் வைக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், மேலே போகும் சாலை. அடைத்துக்கொண்ட தண்ணீர் சாலையின் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் தாண்டும். அது கல்வெர்ட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பதில்லை. 100 மீட்டர் தள்ளியும் இருக்கலாம். தாண்டிய தண்ணீர் ஓடைக்குத் திரும்பாமல் ஒரு தெருவையே ஓடையாக்கிக்கொள்ளும். ஓடையிலிருந்து தள்ளியிருக்கும் வீடு மூழ்கி, கரையோர வீடு தப்புவது இதனால்தான். சாலை மட்டத்தை 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக எடுத்தால் அந்தத் தெரு எது என்று தெரிந்துவிடும்.

கே: கைப்பேசி காட்டும் உயரத்தை வெள்ள வரைபடத்தின் நீர்மட்டத்தோடு ஒப்பிட்டேன். என் வீடு கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது!

ப: சில கைப்பேசிச் செயலிகள் நீள்வட்டத் திண்ம உயரத்தை (பூமியைச் சீரான கணித வடிவமாக வைத்து அதிலிருந்து அளப்பது) காட்டும், வரைபடம் கடல் மட்டத்தை வைத்துப் பேசும். இரண்டுக்கும் இடத்தைப் பொறுத்துப் பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும். மறுபடியும் சொல்கிறேன்: உயர அடிப்படையைப் பாருங்கள். பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் அளந்து குறித்துவைத்த நிலையான புள்ளி) வாசற்படிக்கு லெவல் கொண்டுவாருங்கள்.

கே: பழைய வெள்ளக் கறையை நம்பலாமா?

ப: வீட்டுக்குள் சுவரில் உள்ளதை நம்பலாம். நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் வெளிச்சுவரில் தண்ணீர் முட்டி ஏறியிருக்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்துக்கு 20 செ.மீ. வரை கூடுதலாகக் காட்டும். வெள்ளையடிப்பதற்குள் அளந்துவிடுங்கள்.

கே: படம் அனுப்பியுள்ளேன். என் வீடு மூழ்குமா?

ப: வாசற்படி உயரம் இல்லை, ஓடைப் படுகை உயரம் இல்லை. படத்தில் ஒரு பூனை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.