மலை ரயிலில் போக அம்மாவுக்கு ஆசை, ஊட்டியில் அறையும் போட்டாச்சு; மழையால் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் ரத்தானால் பயணத்தையே கைவிட வேண்டுமா?

அறையை ரத்து செய்யாதீங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயில் ஏறுங்க. அம்மாவுக்கு ரயில் ஆசையும் நிறைவேறும்.

மழை நாளில் மண் சரிவது பெரும்பாலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவிலுள்ள பல்சக்கரப் பாதையில்தான் (எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளப் பற்களைப் பற்றி ஏறும் செங்குத்தான பகுதி), அதற்கு மேலே குன்னூர்–ஊட்டி ரயில் பல சமயம் வழக்கம்போல ஓடும். கிளம்பும் முன் ரயில்வே செயலியில் குன்னூர்–உதகமண்டலம் என்று தனியாகப் போட்டுப் பாருங்க, மேட்டுப்பாளையம் என்று போட்டால் ரத்து என்றுதான் காட்டும்.

நீராவி எஞ்சின், பல்சக்கரம் பார்க்க முடியாதுதான், இது டீசல். ஆனால் வெலிங்டன், அரவங்காடு தாண்டி கேத்தி வரும்போது பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறித் தோட்டமாக விரியும், எனக்கென்னவோ கீழே உள்ள சுரங்கங்களை விட இதுதான் பிடிக்கும்.

ரத்தான ரயிலின் டிக்கெட் ஆன்லைனில் எடுத்தது என்றால் பணம் தானாக வந்துவிடும், கவுண்டர் டிக்கெட்டை நேரில் கொடுத்துத்தான் வாங்கணும், தள்ளிப்போடாதீங்க.

ஒன்று மட்டும்: மழை வலுத்தால் குன்னூர் சாலையும் அடைபடலாம். அப்போது கோத்தகிரி வழி. பஸ் இல்லாமல் கார் பிடித்தால் இ-பாஸ் (வண்டி நீலகிரிக்குள் நுழைய ஆன்லைன் அனுமதி) எடுத்துக்கொள்ளுங்க.