கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: எட்டு வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். சாலிகிராமத்தில் வாடகை அறை. 2022-ல் ஒரு திரைக்கதை எழுதி முடித்தேன். கதை இதுதான்: வாய்ப்புக் கிடைக்காத ஒரு எழுத்தாளன். அவன் கதையிலிருந்து வெட்டித் தூக்கிய பாத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவன் அறைக்கு வந்து சம்பள பாக்கி கேட்கின்றன. செத்துப்போன வீட்டுக்காரர் மாதம் பிறந்தால் வாடகை வாங்க வருகிறார். 2023 பிப்ரவரியில் ஐதராபாத் நிறுவனம் ஒன்றின் சென்னை அலுவலகத்தில் மூன்று முறை கதை சொன்னேன். பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், அனுப்பினேன். 15,000 ரூபாய் கொடுத்து, 'கதை விவாதச் செலவு' என்று வவுச்சரில் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் பேச்சே இல்லை. போன வாரம் அவர்களுடைய புதுப் படத்தின் டிரெய்லர் வந்திருக்கிறது. அதில் என் காட்சிகள் இருக்கின்றன. படப்பிடிப்பே 2025-ல்தான் நடந்ததாம். அடுத்த மாதம் ரிலீஸ். மேனேஜர் கூப்பிட்டு, 50,000 தருகிறோம், 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடு என்கிறார். நான் கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யவில்லை. ஸ்கிரிப்டை வைத்து எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பிய கவர் மட்டும் பிரிக்காமல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகை பாக்கி நெருக்கும் நேரத்தில் 50,000 எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போடாதீர்கள். உங்களிடம் இருக்கும் வழக்கை அந்த ஒரு கையெழுத்து முடித்துவிடும்.

பதிவு செய்யவில்லையே என்ற கவலையை விட்டுவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இருந்தால் நிரூபிப்பது சுலபம், அவ்வளவுதான். உங்கள் தபால் கவரை நம்பி மட்டும் வழக்கு நிற்காது. அதைவிட நல்ல சாட்சி உங்கள் போனில் இருக்கிறது. பிடிஎஃப் போன தேதி, யார் எண்ணுக்குப் போனது, 'பிரித்துப் பார்த்தோம், செகண்ட் ஆஃப் பேசலாம்' என்கிற மாதிரி பதில் ஏதாவது வந்ததா? அவர்கள் கையில் உங்கள் எழுத்து இருந்தது என்று காட்ட இதுதான் வேண்டும். போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'என் கதையைத் திருடிவிட்டார்கள்' என்று என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கருவைத்தான் சொல்கிறார்கள். கருவுக்குப் பதிப்புரிமை இல்லை. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று வந்தவர் அதில் தோற்றார். மாகாணப் பற்று என்ற கரு இரண்டிலும் இருந்தது. சொன்ன விதம் வேறு என்றார்கள். இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, இது அதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும் என்பதே அளவுகோல். ஆகவே 'வாய்ப்புத் தேடும் எழுத்தாளன்' யாருக்கும் சொந்தமில்லை. வடபழனியில் தெருவுக்குப் பத்துப் பேர் அந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் உங்கள் கதை வேறு மாதிரி. நடப்பில் இல்லாத, கனவு மாதிரியான காட்சிகள் உங்கள் பக்கம் பலமாக நிற்கின்றன. எழுத்தாளன் தயாரிப்பாளர் வாசலில் காத்திருப்பது இரண்டு பேருக்குத் தற்செயலாகத் தோன்றலாம். வெட்டிய பாத்திரம் சம்பள பாக்கி கேட்டு வருவது அப்படித் தோன்றாது. கடிதத்துடன் நீங்கள் இணைத்த 12, 34-ம் பக்கங்களையும் டிரெய்லரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். செத்த வீட்டுக்காரர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஈர வேட்டியோடு உள்ளே வந்து, 'கொள்ளி வெச்சவனுக்கும் சேர்த்துக் குடு' என்கிறார். வசனம் அப்படியே இருக்கிறது. அதைவிட, 12-ம் பக்கத்தில் முருகேசனாக இருந்தவரை 34-ம் பக்கத்தில் நீங்கள் மறதியாகச் சுந்தரேசன் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரெய்லரிலும் வாசல் பலகையில் முருகேசன், கூப்பிடுவது சுந்தரேசன். நகலெடுத்தவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிழைகள்தான். அந்தப் பக்கத்தைத் திருத்திவிடாதீர்கள். இரண்டு பத்தி போட்டு, காட்சிக்குக் காட்சி எழுதி வையுங்கள்: இடப்பக்கம் உங்கள் பக்க எண், வலப்பக்கம் டிரெய்லரின் நிமிடம், நொடி. பொதுவான காட்சிகளைச் சேர்த்துப் பட்டியலை நீட்ட வேண்டாம். பலவீனமான பத்து ஒற்றுமைகள், பலமான மூன்றையும் கெடுத்துவிடும்.

வவுச்சருக்குப் பயப்பட வேண்டாம். உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு தொகை என்றெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவு. 'கதை விவாதச் செலவு' என்ற மூன்று வார்த்தையில் இது எதுவும் இல்லை. அதையும் உரிமை மாற்றம்தான் என்று அவர்கள் வாதிட்டாலும், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, பெற்ற உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். உங்கள் தேதிகளைப் பாருங்கள்: வாங்கியது 2023, படப்பிடிப்பு 2025.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம்பிச் சொன்ன கதையை, நம்பிக்கையை மீறிப் பயன்படுத்தினார்கள் என்ற வாதத்தைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பற்றிய வழக்குகளில் டெல்லி உயர் நீதிமன்றம் 2002-லும் மும்பை உயர் நீதிமன்றம் 2003-லும் ஏற்றிருக்கின்றன. உங்கள் வக்கீல் இரண்டு வாதத்தையும் சேர்த்தே வைக்கட்டும்.

பெயர் விஷயம். 57-ம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'இதை எழுதியவன் நான்' என்று கோரும் உரிமையை எழுத்தாளருக்கே விட்டுவைக்கிறது. எட்டு வருடம் உழைத்தவருக்குப் பணத்தைவிட டைட்டில் கார்டு பெரிது என்பது என் எண்ணம். சமரசம் பேசினாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். 2018 தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய படத்தின் கதைத் தகராறு, சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுத்தாளருக்கு அங்கீகாரம் தரும் சமரசத்தில்தான் முடிந்தது.

நேரம் குறைவு. வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ரிலீஸுக்கு முந்தின நாள் தடை கேட்டு வருகிறவர்களிடம், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் நீதிபதிகள் முதலில் கேட்கிறார்கள். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போகட்டும். பதில் வராவிட்டால் இடைக்காலத் தடை மனுவோடு வழக்கு. வணிக வழக்குகளில் முதலில் சமரச மையத்துக்குப் போகச் சொல்லும் விதி, அவசரத் தடை கேட்கும்போது பொருந்தாது. நிறுவனம் ஐதராபாத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே வழக்குப் போட 62-ம் பிரிவு இடம் தருகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ம் பிரிவில் குற்றப் புகாரும் கொடுக்கலாம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. ஆனால் அதை இப்போதே கையில் எடுக்க வேண்டாம். முதலில் சிவில் வழக்கு.

அதுவரை முகநூலில் 'திருட்டுப் படம்' என்று எழுதாதீர்கள். அவதூறு வழக்கு என்று உங்களை அலைக்கழிக்க நீங்களே வழி செய்ததாகிவிடும். மேனேஜர் மறுபடி கூப்பிட்டால், 'வக்கீலிடம் பேசுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். கையில் காசில்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் வக்கீல் இலவசம். வவுச்சர் நகல், போன், ஸ்கிரிப்ட், அந்த இரண்டு பத்திப் பட்டியல் நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். கவரையும் கொண்டுபோங்கள், ஆனால் பிரிக்காமல்.