பண்டைய கிரேக்கத்தில் தோன்றி ரோமிலும் பரவிய ஸ்டோயிக் மெய்யியல் சொல்லும் காலைப் பழக்கத்தை வேலைக்குப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் செய்ய முடியுமா?

முடியும், பத்து நிமிடம் தாராளம். இன்று என்னென்ன பிசகக்கூடும், யார் யார் மனத்தைக் குலைக்கக்கூடும் என்று விடியும்போதே எண்ணிப் பார்ப்பதுதான் அந்தப் பயிற்சி. காலையில் நல்லதையே நினைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அபசகுனம் போலப் படலாம்.

கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்க்கஸ் ஒரேலியஸ், தனக்காகக் கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகளில் இதைச் சொல்கிறார்: நன்றி கெட்டவர், ஆணவக்காரர், வஞ்சகர், பொறாமைக்காரர் எல்லோரையும் இன்று சந்திப்பாய் என்று விடியற்காலையில் உனக்கே சொல்லிக்கொள். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ் காட்டும் உதாரணம் இன்னும் எளிது. பொதுக் குளியலிடத்துக்குப் போகுமுன், அங்கே தண்ணீரை வாரி அடிப்பார்கள், இடிப்பார்கள், ஏசுவார்கள், களவும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு போ என்கிறார்.

நான் யாழ்ப்பாண நகரில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, தேநீரோடு விறாந்தையில் அமர்ந்து கொப்பியில் எழுதுவேன். அதுவரை கைபேசியைத் தொடுவதில்லை. எழுதுவது திட்டவட்டமாக இருக்க வேண்டும். ‘கோபக்காரர் வருவார்’ என்று எழுதிப் பயனில்லை. ‘மருத்துவரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கேட்பவர், தர முடியாது என்றதும் சத்தம் போடுவார்’ என்று எழுதும்போதே அவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்று மனம் தேடத் தொடங்கிவிடும். பக்கத்திலேயே என் கையில் இருப்பது எது என்றும் குறிப்பேன். 2022 இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பழக்கம்தான் என்னைத் தாங்கியது. மருந்தை வரவழைப்பது என் கையில் இருக்கவில்லை. இல்லை என்பதை வரிசையில் காக்க வைக்காமல் முதலிலேயே சொல்வது என் கையில் இருந்தது.

மார்க்கஸ் ஒரேலியஸின் அந்தக் குறிப்பைப் பகிரும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய குறை. அவர் தொடர்ந்து, தவறு செய்பவரும் என் உறவினரே, கால்களையும் கைகளையும் இமைகளையும் போல நாம் ஒத்து இயங்கப் பிறந்தவர்கள் என்கிறார். இந்தப் பாதியை விட்டால், எழும்பியவுடனேயே ஊராரை வெறுக்கப் பழகுவோம். ஆகவே எழுதிய ஒவ்வொருவருக்கும் எதிரே, அவர் ஏன் அப்படி நடக்கக்கூடும் என்றும் ஒரு வரி எழுதுகிறேன். நெடுந்தீவிலிருந்து படகும் பஸ்ஸும் ஏறி வந்தவருக்குத் திரும்பும் படகைப் பிடிக்கும் பதற்றம் இருக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டு வந்த தாய்க்குப் பொறுமை எங்கிருந்து வரும்? என் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது, போகவும் வேண்டும்.

இரவிலும் ஒரு பாதி உண்டு. விளக்கை அணைத்தபின் அன்றைய தன் சொல்லையும் செயலையும் விசாரிப்பதாக ரோமின் ஸ்டோயிக் அறிஞர் செனெக்கா எழுதியிருக்கிறார். நான் காலையில் எழுதிய பக்கத்தை ஒருமுறை வாசிப்பதோடு சரி.

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒருவரைப் பற்றி எழுதிப் பாருங்கள்: இன்று கட்டாயம் சந்திக்கப்போகும், நினைத்தாலே உங்களுக்கு மனம் கொதிக்கும் ஒருவர். நான்கு வரி போதும். கொப்பியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அது அவர் கண்ணில் படக்கூடாது.