ஜிம்முக்குப் போகாமல், தனிச் சமையல் இல்லாமல் எடையைக் குறைத்து, குறைந்ததை அப்படியே வைத்திருக்க முடியுமா?

முடியும். ஆனால் எடையை இறக்குவதை விட இறங்கிய இடத்தில் நிற்பதுதான் பெரிய பாடு. எப்படி இறக்குவது என்று சொல்ல ஊரே இருக்கிறது, எப்படி நிற்பது என்று சொல்லத்தான் ஆள் கம்மி.

கேள்வி கேட்டவர் கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் வேலை என்றும், கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகிவிடும் என்றும், அம்மா சமைப்பதைத்தான் சாப்பிட்டாக வேண்டும் என்றும், ஏற்கெனவே எடையைக் குறைத்துப் பழையபடி ஏறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். நான் மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. 89 கிலோவிலிருந்து 74-க்கு வந்து, சில வருடங்களாக அங்கேயே முன்னே பின்னே நிற்கிறேன். எங்கள் கடைக் கணக்கில் சொன்னால், 45 கிலோ யூரியா மூட்டையில் மூன்றில் ஒரு பங்கை உடம்பிலிருந்து இறக்கி வைத்தாயிற்று.

என் உயரம் 167 செ.மீ. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில், இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். அந்தக் கணக்குப்படி நான் இன்னும் குண்டுதான். கவலைப்படவில்லை. ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பார்கள். பேன்ட் அளவைப் பார்க்கிற நமக்கு அந்தக் கணக்குதான் வசதி. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும் இலக்கு. அந்த வழியில் போனவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ ஆளுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. கல்யாண போட்டோவில் இருந்த எடைக்கே திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, சோற்றுக்கு வருவோம். டெல்டாக்காரனிடம் சோற்றை விடு என்று சொல்கிறவர் பேச்சை நான் கேட்பதில்லை. ஆறு மாதம் விடலாம், ஆயுளுக்கும் விட முடியாது. பிரச்சினை சோற்றில் இல்லை, அளவில் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் நடவு, களை, அறுப்பு, கட்டு சுமப்பது எல்லாமே உடம்பு வேலை. அந்த உடம்புக்கு அந்தச் சோறு வேண்டியிருந்தது. இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது, அறுப்பு மெஷின் வந்துவிட்டது, வயலுக்குப் போவதும் பைக்கில்தான். வேலை போனதே தவிர, தட்டில் விழும் அளவு அப்படியே இருக்கிறது.

அதுவும் நாம் சாப்பிடும் விதம் இருக்கிறதே, சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, வத்தக்குழம்பு இருந்தால் அதற்கு ஒரு தடவை, ரசத்துக்கு, மோருக்கு. ஒவ்வொரு தடவையும் 'கொஞ்சம்தான்'. வீட்டில் காய்கறி நிறுக்க வைத்திருக்கும் சின்ன தராசில், எனக்கு ஒரு மதியம் விழும் சோற்றை முழுதாக ஒரு பாத்திரத்தில் போட்டு நிறுத்துப் பார்த்தோம். அரைக் கிலோவைத் தாண்டியது. வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி. அப்படியென்றால் குழம்பு, பொரியல், அப்பளம் எதையும் சேர்க்காமல் சோறு மட்டுமே 650-க்கு மேல்.

இப்போது செய்வது இதுதான்: 300 கிராம் அளவுக்கு ஒரே தடவையில் போட்டுக்கொண்டு, அந்தக் குவியலை நானே மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். சாம்பாருக்கு ஒரு பங்கு, ரசத்துக்கு ஒரு பங்கு, மோருக்கு ஒரு பங்கு. எதையும் விடவில்லை. முக்கியமான விஷயம், சோற்றுப் பானை அடுப்பங்கரையிலேயே இருக்கும். பக்கத்தில் இருந்தால் கை தானாகக் கரண்டிக்குப் போகும். பொரியல் மட்டும் சட்டியோடு பக்கத்தில் வரும். அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, முளைக்கீரை எதுவானாலும் முதலில் அதில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பது. தினமும் 250 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி, ஆக மாதம் ஒரு கிலோ என்று காகிதத்தில் கணக்கு வரும். நடப்பில் அதைவிடக் கம்மியாகத்தான் இறங்கும், போகப் போக இன்னும் மெதுவாகும். அதுவே போதும்.

முதல் இரண்டு வாரம் என் அம்மா, "என்னடா தம்பி, சுவாமிக்கு நைவேத்தியமா வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் அம்மாவும் கேட்பார். வாதம் செய்யாதீர்கள். கூட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்கள். சமைத்தவருக்கு நாம் எதையாவது மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வாரத்தில் சில நாள் சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது சேர்த்தால் நாலு மணிப் பசியும் அடங்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நம் தட்டில் அது எங்கேயோ இருக்கிறது.

இங்கே இரண்டு நம்பிக்கைகளை உடைத்தாக வேண்டும். ஒன்று, மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் இளைக்கும் என்பது. நல்ல அரிசி, நார்ச்சத்து இருக்கிறது, சீக்கிரம் வயிறு நிறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் கலோரி பொன்னி அரிசிக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அளவு குறையாமல் அரிசியை மட்டும் மாற்றினால் பர்ஸ்தான் இளைக்கும். இரண்டு, ராத்திரி சப்பாத்தி. எண்ணெய் விட்டுச் சுட்ட மூன்று சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் எந்த விதத்தில் டயட் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டு இட்லி, சாம்பார் எவ்வளவோ மேல்.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான வழி. ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் என்று வைத்தால், நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூணேகால் லிட்டர் வரும். மளிகை வாங்கும்போதே அவ்வளவுதான் வாங்குவது. ஒவ்வொரு நாளும் வாணலியை எட்டிப் பார்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. தீபாவளி மாதம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அதை ஒப்புக்கொண்டு விட்டுவிடுங்கள்.

என் உண்மையான எதிரி டீ. உரக்கடைக்குக் குறுவை, சம்பா சமயத்தில் ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவருக்கு டீ சொன்னால் நமக்கும் ஒன்று வரும். இரண்டு ஸ்பூன் ஜீனி போட்ட ஒரு சின்ன கிளாஸ் டீ 70 கலோரிக்குக் குறையாது. ஆறு டீ குடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு. கூடவே வடை வந்தால், அளவைப் பொறுத்து ஒன்றுக்கு 100 முதல் 150 வரை. இப்போது காலை ஒன்று, மாலை ஒன்று என்னுடைய டீ. "ஜீனி கம்மி" என்று டீ மாஸ்டரிடம் தினமும் சொல்ல வேண்டியிருந்தது, பிறகு அவரே பழகிவிட்டார். மற்ற நேரம் டீ சொல்வேன், எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன். யாரும் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவில்லை. ஜவுளிக்கடையிலும் இதே கதைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடையைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். 75 கிலோ ஆள் 5 கி.மீ. நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. எங்கள் ஊர்த் தெப்பக்குளமான ஹரித்ராநதிக் கரையைச் சுற்றி நடந்துவிட்டு நேராக டீக்கடையில் இரண்டு வடை தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது. எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கும். குறைந்ததை நிறுத்தி வைப்பதுதான் நடையின் வேலை. அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள், 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காப்பாற்றியவர்கள் மட்டும் அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஒரு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறார்கள், அதிகம் பேருக்கு அது வெறும் நடைதான். நாலில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களுக்கு மறுபடி ஏறும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் நடை தானாக நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு மாற்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது, பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும், அதைத் தடுக்க இந்த மாதிரி வேலை தேவை.

இனி, ஏறிவிட்ட கதை. உங்கள் மனசில் உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. ஒரு வருடம் கழித்தும் அது பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. போதாததற்கு, 74 கிலோ உடம்புக்கு 89 கிலோ உடம்புக்கு ஆகும் செலவு ஆகாது. அதனால் 'குறைந்துவிட்டது, இனி பழையபடி சாப்பிடலாம்' என்கிற நாள் வரவே வராது. எதைச் செய்து குறைக்கிறோமோ அதையே செய்துகொண்டிருக்க வேண்டும். ஆயுளுக்கும் செய்ய முடியாத ஒன்றை ஒரு வாரம்கூடச் செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வெறும் ஜூஸ், பவுடர், சோறே இல்லாத டயட் எல்லாம் இதில் அடிபட்டுப் போகும். முதல் வாரத்தில் மூன்று கிலோ போனதாகப் படம் போடுகிறார்களே, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் மாவுச்சத்துச் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராமுக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது காலியாகும்போது தண்ணீரும் போகும், சோறு உள்ளே போனதும் திரும்பி வரும்.

நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடை திறந்ததும், மூட்டை நிறுக்கும் மின் தராசில் ஏறி நிற்பேன். செருப்பு, செல்போன், சாவிக் கொத்து எல்லாம் கல்லாவில். எண்ணைச் சுவர்க் காலண்டரில் எழுதுவேன், கடைப் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, முன்னூறு கிராம் ஏறியிருக்கு" என்பான். 76-ஐத் தொட்டால் அன்றிலிருந்து ராத்திரி இரண்டு இட்லிதான், 74-க்கு வரும் வரை. இரண்டு கிலோவை இறக்குவது எளிது, பத்துக் கிலோவாக விட்டுப் பிடிப்பது கஷ்டம். விருந்துக்கு மறுநாள் மட்டும் தராசில் ஏறாதீர்கள். உப்புக்குத் தண்ணீர் கோத்துக்கொண்டு ஒரு கிலோ கூடக் காட்டும், இரண்டு நாளில் போய்விடும்.

விருந்து என்றதும்தான், தை, ஆவணி முகூர்த்தங்கள், மார்கழிப் பொங்கல், பங்குனியில் ராஜகோபால சுவாமி கோயிலில் 18 நாள் திருவிழா, அதற்கு வந்து தங்கும் சொந்தக்காரர்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு இளைத்து என்ன செய்யப் போகிறோம்? கல்யாணப் பந்தியில் அசோகாவைச் சாப்பிடுங்கள், வடையைச் சாப்பிடுங்கள். சோற்றுக்கு முதல் கரண்டி விழுந்ததும் இலைமேல் கையைக் குறுக்கே வைத்துவிடுங்கள். வாயால் 'போதும்' என்றால் பரிமாறுகிறவர் அதைக் காதிலேயே வாங்க மாட்டார், கையைத்தான் மதிப்பார். பாயசம் குடித்ததும், மோருக்குச் சோறு வருவதற்குள் இலையை மூடிவிட்டால் இன்னும் நல்லது. அன்று இரவு பட்டினி கிடக்க வேண்டாம், மறுநாள் காலை வழக்கம்போல் போனால் போதும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். காரணமே இல்லாமல் எடை ஏறினால் தைராய்டு பாருங்கள். எடை குறைக்கப் புதிதாக வந்திருக்கும் ஊசிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்று ஆய்வு இருக்கிறது. டாக்டர் சொல்லி எடுப்பவர்கள் எடுக்கட்டும், மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்குவது வேண்டாம்.

உங்கள் ஒன்பதரை மணிக்கு வருகிறேன். பத்து மணிக்குச் சாப்பிடுவதே தப்பு என்று பயப்படத் தேவையில்லை. காய்ந்த வயிற்றோடு வீட்டுக்கு வந்து ஆறு தோசையை உள்ளே தள்ளுவதுதான் கெடுதல். ஆறரை, ஏழு மணிக்குக் கடையிலேயே ஒரு கைப்பிடிச் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ, வேர்க்கடலையோ சாப்பிட்டுவிடுங்கள். டப்பாவில் அம்மாவே போட்டுக் கொடுப்பார், அது அவருக்குத் தனிச் சமையலும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் ரசம், அப்புறம் இரண்டு தோசை, தொட்டுக்கொள்ளச் சட்னியை விடச் சாம்பார் அதிகம். எடை பார்க்கத் தராசு வாங்க வேண்டாம், பக்கத்து மருந்துக்கடையில் இருக்கும். எந்தக் கிழமை பார்க்கிறீர்களோ, அதே கிழமை, அதே நேரம், அதே தராசில் பாருங்கள்.